பச்சைக்கிளியா, பெரிய பச்சைக்கிளியா: தோளைப் பாருங்க

கிண்டியிலோ அடையாறிலோ கிளியைக் கண்டதும் பலரும் முதலில் கழுத்து ஆரத்தைத்தான் பார்க்கிறார்கள். பிசகு அங்கேயே தொடங்குகிறது. நம்ம ஊர்ப் பச்சைக்கிளி (செந்தார்ப் பைங்கிளி), அலெக்சாண்டிரின் எனப்படும் பெரிய பச்சைக்கிளி இரண்டிலுமே வளர்ந்த ஆணுக்கு ஆரம் உண்டு, பெண்ணுக்கு இல்லை. இளம் ஆணுக்கும் ஆரம் முழுசாக விழ இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதனால் ஆரத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது தோள். பெரிய பச்சைக்கிளிக்கு இறக்கையின் மேல்பகுதியில், தோளை ஒட்டி, அரக்குச் சிவப்பில் ஒரு திட்டு இருக்கும். பெண்ணுக்கும் உண்டு, நிறம் சற்று மங்கல். பச்சைக்கிளிக்கு அந்த இடம் வெறும் பச்சைதான். ஒரு எச்சரிக்கை: கிளி நம்மைப் பார்த்து நேராக உட்கார்ந்தால் மார்பு இறகு திட்டை மறைத்துவிடும். பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள், படமும் அப்போதே எடுங்கள்.

அடுத்தது அலகு. தென்னிந்தியப் பச்சைக்கிளிக்கு மேலலகு சிவப்பு, கீழலகு பெரும்பாலும் கருப்பு. பெரியதற்கு இரண்டுமே சிவப்பு, அலகும் முகத்துக்கு மீறிய பருமன்.

*

நீளத்தை மட்டும் நம்பாதீங்க. பச்சைக்கிளி சுமார் 40 செ.மீ., மற்றது 55 செ.மீ.க்கு மேலும் போகும். ஆனால் இரண்டிலும் பாதிக்கு மேல் வால்தான், வால் இறகு உதிர்ந்த சமயத்தில் கணக்கு தப்பிவிடும். தலையையும் உடம்பையும் பாருங்க: பச்சைக்கிளியின் உடம்பு மைனா அளவு, பெரியது நல்ல கனம்.

சாயங்காலம் அடைய வரும் கூட்டத்தில் நிறம் தெரியாது. அப்போ காதுதான் துணை. பச்சைக்கிளி "கீ-கீ" என்று கீச்சிடும். பெரியதன் குரல் கட்டையாக, கரகரவென்று இருக்கும்.

*

மேலே சொன்னதோடு ஒன்று. சென்னையில் பெரிய பச்சைக்கிளி தனியாகத் தெரிந்தால் கூண்டிலிருந்து தப்பியதா என்றும் பாருங்கள். வால் நுனி சிதைந்திருப்பது, காலில் வளையம், ஆளைக் கண்டு பறக்காமல் இருப்பது எல்லாம் அதற்கான தடயங்கள். இரண்டு இனத்தையும் வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொந்திலிருந்து குஞ்சு எடுத்து விற்பதாலும் பெரிய பச்சைக்கிளி பல இடங்களில் குறைந்துவருகிறது. அடிபட்டது கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.