டோர்னாடோ பெட்டி சுத்தவே மாட்டேங்குது, அவசரம்

பஹாவ்_அப்பா: வணக்கம், மகன் ஆறாம் ஆண்டு, தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்கு டோர்னாடோ பெட்டி (சுழல்காத்து எப்படி சுத்துதுன்னு புகையில காட்டுற பெட்டி) செஞ்சோம் பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடி பிளாஸ்டிக்ல, மேல காத்தாடி (ஃபேன்) போட்டாச்சு கீழ சாம்பிராணி வச்சாச்சு, புகை சும்மா நேரா மேல போகுது சுத்தவே மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை விழா. என்ன செய்யணும்னு சொல்லுங்க.

கிராணி_மகன்: அண்ணே காத்தாடி மேல இழுக்குதா கீழ ஊதுதா? காத்து உள்ள வர ஓட்டை எங்க வெட்டினீங்க? பெட்டி எவ்ளோ உயரம்? ஒண்ணுமே சொல்லலயே லா.

ரப்பர்மரம்: சாம்பிராணி சூடு, அதான் நேரா ஏறுது. ட்ரை ஐஸ் (உலர் பனிக்கட்டி) புகைதான் போடணும். எத்தன பேருக்கு சொல்லிட்டேன்.

செல்வி_டீச்சர்: ஐஸ் புகைக்கு பஹாவ்ல எங்க போவாங்க? புகை காத்து போற வழிய காட்ட மட்டும்தான். சுத்தலன்னா காத்து வர்ற வழிதான் கோளாறு.

வானிலை_ஐயா: அடிப்படை தெரியாம பெட்டி செய்யக் கூடாது. நாம மலேசியாவுல, பூமத்திய ரேகைக்குப் பக்கம், கோரியோலிஸ் விசை (பூமி சுத்துறதால காத்து திசை விலகுறது) ரொம்பக் கம்மி, அதான் சுத்தல. முதல்ல பாடப்புத்தகத்தப் படிக்கச் சொல்லுங்க.

கிராணி_மகன்: ஐயா, ஒரு பெட்டிக்கும் கோரியோலிசுக்கும் சம்பந்தமே இல்ல. நிஜ டோர்னாடோவே பல நேரம் சில நூறு மீட்டர்தான் அகலம், அந்த விசை நேரா சுத்தி விடுற அளவு இல்ல. கெடா பக்கம் வயல்ல பூத்திங் பெலியோங் (மலாய்ல சுழல்காத்து) வருதே, அது எப்படி?

வானிலை_ஐயா: அது சின்னது. புயல் இங்க வராது.

ரப்பர்மரம்: 2001 டிசம்பர்ல வாமெய் புயல் ஜொகூர்ல கரையேறுச்சே ஐயா, 1.5 பாகை வடக்குல உருவானது!

செல்வி_டீச்சர்: ரெண்டும் வேற வேற, கலக்காதீங்க. வாமெய் மாதிரி புயல் பெருசு, அதுக்கு கோரியோலிஸ் வேணும், அதான் அவ்ளோ அபூர்வம். அமெரிக்காவுல அடிக்கிற பெரிய டோர்னாடோவுக்கு சுத்து எங்கிருந்து வருதுன்னா, தரைக்குப் பக்கத்துல ஒரு காத்து, மேல வேற வேகம் வேற திசை, அதனால காத்து படுத்தபடி உருளும், அத இடிமேகத்தோட மேலேறுற காத்து நிமித்தி விடும். அப்புறம் சுழல் குறுகக் குறுக வேகம் கூடும், ஆரம் பாதியானா வேகம் ரெண்டு மடங்கு.

பஹாவ்_அப்பா: காத்தாடி மேல இழுக்குது. முன்னாலயும் பின்னாலயும் ஒவ்வொரு கீறல், நேருக்கு நேரா.

கிராணி_மகன்: அதான் அண்ணே! ரெண்டும் எதிரும் புதிருமா இருந்தா சுத்து அடிச்சுக்கும். நாலு சுவத்துலயும் வெளிய நின்னு பார்த்தா வலது ஓரத்துல, மேல இருந்து கீழ வரை நீளமா ஒவ்வொண்ணு வெட்டுங்க, அப்ப காத்து சுவத்த ஒட்டி நுழைஞ்சு கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். மூடி ஓரத்துல டேப் ஒட்டுங்க, இல்லன்னா காத்தாடி அங்கேருந்தே இழுத்துக்கும். 1972ல அமெரிக்க டோர்னாடோ ஆய்வாளர் நீல் வார்ட் ஆய்வகத்துல செஞ்சதும் இதேதான், மேல உறிஞ்சல், கீழ சுத்தி விட்ட காத்து. சுத்த ரொம்ப கூட்டினா நடுவுல காத்து கீழ இறங்க ஆரம்பிக்கும், குழாய் மாதிரி ஆயிடும்.

ரப்பர்மரம்: நடுவுல அழுத்தம் கம்மின்னா சுத்தி உள்ள காத்தெல்லாம் பக்கவாட்டுல பாய்ஞ்சு உள்ள வராதா?

செல்வி_டீச்சர்: நல்ல கேள்வி, நடுவரும் இதத்தான் கேப்பாங்க. பக்கவாட்டுல வராது, சுத்துற காத்த வெளிய தள்ளுற விசையும் உள்ள இழுக்குற அழுத்தமும் சரிக்கு சரி நிக்கும். தரையில மட்டும்தான் உராய்வு வேகத்தக் குறைக்கும், அங்க அழுத்தம் ஜெயிக்கும், அடியிலதான் காத்து உள்ள பாய்ஞ்சு நடுவுல திரும்பி மேல ஏறும். தேத்தண்ணிய கலக்கினா தேயிலத்தூள் அடியில நடுவுல குவியுதே, அதே கதை. 2003ல அமெரிக்காவுல தெற்கு டகோட்டாவுல டோர்னாடோ ஆய்வாளர் டிம் சமராஸ் தரையில வச்ச கருவி, டோர்னாடோ மேல போனப்ப அழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததப் பதிவு செஞ்சுச்சு, அவ்ளோ இழுப்பு.

வானிலை_ஐயா: உராய்வு சரிதான். ஆனா வட அரைக்கோளத்துல டோர்னாடோ பெரும்பாலும் இடஞ்சுழி (கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம்) ஏன்னு யாரும் சொல்லலயே?

செல்வி_டீச்சர்: உயரம் கூடக் கூட காத்து திசை மாறுற விதம்தான் ஐயா. அதுக்குப் பின்னால கோரியோலிஸ் இருக்கு, நேரடியா இல்ல.

பஹாவ்_அப்பா: நாலு பக்கமும் வெட்டியாச்சு, சுத்துது. நன்றி டீச்சர், தம்பி.

கிராணி_மகன்: வீடியோ போடுங்கண்ணே. விழா அன்னிக்கு மண்டபத்துல காத்தாடிக்கு நேரா வைக்காதீங்க, கலைஞ்சிடும்.