மறு: நோயாளர் எழுத்தில் தெரியும் ட்ராமாவுக்கு என்ன சொல்?

அன்பர்களே,

செவிலியர் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வந்தவர்களின் நாட்குறிப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற பாடத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பு இல்லை. அங்கே பட்டது மனத்தில் விட்டுப்போகும் காயத்தை, அதாவது ட்ராமாவை, தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

'அதிர்ச்சி' வேண்டவே வேண்டாம். அந்தப் பிரிவில் அதிர்ச்சி என்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்தாகும் ஷாக் நிலை. 'ட்ராமா' என்றே விட்டால் எல்லாருக்கும் புரியும் என்கிறார் அக்கா. ஆஸ்பத்திரியில் ட்ராமா வார்டு என்றால் சாலை விபத்தில் அடிபட்டவர்தானே நினைவுக்கு வருவார்?

ஐயா சொன்ன 'உளப்புண்' எனக்கு ஒப்பில்லை. குறள் 129-க்குப் பரிமேலழகர் எழுதியதைப் பாருங்கள்: தீ சுட்டது ஆறிப்போவதால் புண், நாக்கு சுட்டது ஆறாமல் கிடப்பதால் வடு. நமக்கு வேண்டியது ஆறாததுதான். ஈழத்தில் போர்க்காலத்திலேயே 'மனவடு' புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதையே எடுத்துக்கொள்வோம்.

தலைப்பின் அடுத்த சொல்லாக 'அறிகுறி' போடலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அப்படிப் போட்டால் மாணவிகள் நோயையே முடிவு செய்துவிடுவார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் 2013 பதிப்பே, மனவடுவால் வரும் நோய் என்று முடிவு செய்ய, உயிருக்கு ஆபத்தான நோய் வந்தது மட்டும் போதாது, அறுவையின் நடுவே விழிப்பு வருவது போன்ற திடீர்க் கொடு நிகழ்வு வேண்டும் என்று வரம்பு கட்டிவிட்டது. 'நெஞ்சு வலிச்சுது, தூக்கிட்டுப் போனாங்க' என்று போய்க்கொண்டிருந்த எழுத்து, சட்டென்று 'கையைக் கட்டுறாங்க, குழாய் இறங்குது, கத்த முடியல' என்று நிகழ்காலத்துக்குத் தாவினால், அதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் செவிலியர் வேலை. அதனால் 'தடயம்' என்கிறேன்.

அப்புறம், எழுதியவர் மனநிலையை அறிய 'நான்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஆங்கில மென்பொருள் முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். 'வந்தேன்' என்றாலே தன்மை வந்துவிடுகிறது, 'பயமாக இருந்தது' என்பதில் 'எனக்கு' எழுதாமலே விளங்குகிறது.

ஆக, 'மனவடுத் தடயம் காணல்'. பெரும்பாலோர் சரி என்றுவிட்டீர்கள், விவாதித்துக் களைத்துப்போய்ச் சிலர். தடயம் என்றால் காவல்நிலையம் நினைவுக்கு வருகிறது, 'சுவடு' போதும் என்ற தோழரின் மறுப்பு அப்படியே நிற்கிறது. 'மனவடுச் சுவடு' எனக்கு நாக்கில் புரளவில்லை. ஞாயிறு இரவுக்குள் வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.