இற்றைத்தடையா, இற்றைமறிப்பா? தொலைக்காட்சி மிஸாஜூரை ரௌட்டரில் நிறுத்துவதற்கு ஒரு சொல்

ரோஸ் ஹில்லிலிருந்து:

வணக்கம். ஸ்மார்ட் டிவி நம்மைக் கேட்காமல் மென்பொருளை மாற்றிக்கொள்வதை வீட்டு ரௌட்டரிலேயே நிறுத்தும் வழியைத் தமிழில் ஒரு சிறு கையேடாக எழுதிவருகிறோம். ரௌட்டர், மேக் முகவரி (கருவியின் வலை அடையாள எண்), டிஎன்எஸ் ஆகியவை எல்லோருக்கும் பழகியவை, அப்படியே இருக்கட்டும். செய்யும் வேலைக்குத்தான் பெயர் இல்லை. இங்கே மொரீஷியஸில், வீட்டில் கிரியோலில் "மிஸாஜூர் ப்ளோக்கே" (அப்டேட் தடுக்கப்பட்டது) என்று முடித்துவிடுகிறோம்.

"மிஸ் ஆ ஜூர்" என்பதன் நேர்ப்பொருள் நாளுக்குக் கொண்டுவருதல். இற்றை என்றால் இன்றைய. "இற்றைப்படுத்தல்" அதே பொருளைத்தான் தருகிறது. டிவியின் பிரெஞ்சுப் பட்டியில் (மெனு) அந்தச் சொல்லைத் தினமும் பார்க்கும் மொரீஷியஸ் வாசகருக்குப் "புதுப்பிப்பு" என்பதைவிட இது சட்டென்று பிடிபடும். ஆகவே "இற்றைத்தடை" என்று முன்மொழிகிறேன்.

குவாத்ர் போர்னிலிருந்து:

"இற்றை" மிகப் பொருத்தம், ஐயா. "தடை" எனக்கு உடன்பாடில்லை. அது முடிவை மட்டும் சொல்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. இந்த வேலையில் பெரும்பாலான பிழைகள் அந்த இடம் புரியாததால் வருபவை.

டிவி முதலில் ஒரு பெயரைக் கேட்கிறது. எல்ஜி என்றால் எஸ்என்யு.எல்ஜிஇ.காம், சாம்சங் என்றால் சாம்சங்ஓடிஎன்.நெட் போன்றவை. டிஎன்எஸ் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தருகிறது. அதன் பிறகே தரவு புறப்படுகிறது. பெயரைக் கேட்கும்போதே 0.0.0.0 என்று எங்கும் போய்ச்சேராத விடை கொடுத்து முடித்துவிடுவது ஒரு வகை. வீட்டு டிஎன்எஸ்ஸாக இயங்கும் பை-ஹோல் என்ற மென்பொருள் செய்வது இதைத்தான். புறப்பட்ட தரவை ரௌட்டரின் தீயரணில் (ஃபயர்வால்) நிறுத்துவது வேறு வகை. முன்னதைப் "பெயர்மறிப்பு", பின்னதை "வழிமறிப்பு", இரண்டுக்கும் பொதுவாக "இற்றைமறிப்பு" எனலாம்.

பிரித்துச் சொல்ல வேண்டியதற்குக் காரணம் உண்டு. இற்றைக் கோப்புகள் பெரும்பாலும் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் விநியோகச் சேவையகங்களிலிருந்து வருகின்றன. அந்த எண்ணை வழிமறித்தால் அதே சேவையகத்திலிருந்து வரும் படமும் நின்றுபோகக்கூடும். அதனால் பெயர்மறிப்பே முதல் வழி. இன்னொன்று: இணைய நிறுவனம் கொடுக்கும் மோடெம்கள் பலவற்றில் உள்ள யூஆர்எல் வடிகட்டி, 80ஆம் துறையில் (போர்ட்) குறியாக்கம் இல்லாமல் போவதை மட்டுமே பார்க்கும். டிவி பெரும்பாலும் குறியாக்கத்தோடு 443ஆம் துறையில் பேசுகிறது. பெயரைத் தட்டச்சு செய்து சேமித்தவர் கதவு பூட்டியாயிற்று என்று நம்பியிருப்பார். இற்றை வந்துகொண்டே இருக்கும். இதற்கும் டிஎன்எஸ் மறிப்புக்கும் "வடிகட்டி" என்ற ஒரே சொல்லைப் போட்டால் அந்த மயக்கத்தை நாமே வளர்த்தவர்களாவோம்.

கையேட்டில் முதல் படியாக, டிவியின் மேக் முகவரிக்கு டிஎச்சிபியில் (கருவிகளுக்கு எண் முகவரி வழங்கும் ரௌட்டர் வசதி) ஒரு நிலையான எண்ணை ஒதுக்கச் சொல்லுங்கள். கம்பி இணைப்புக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறொரு மேக். இரண்டையும் பதியாவிட்டால், கம்பியைப் பிடுங்கிய அன்றே விதி செல்லாமல் போகும்.

கியூர்பிப்பிலிருந்து:

வழிமறிப்பு என்றதும் கொள்ளைக்காரர் நினைவு வருமே என்று தயங்கினேன். ஆனால் மறியல் என்ற சொல்லை மதிப்போடுதானே வழங்குகிறோம். ஏற்கிறேன். பெயர்மறிப்புக்குப் "புதைகுழி" (சிங்க்ஹோல்) என்று முன்பு சிலர் எழுதியது மட்டும் வேண்டாம். எதுவும் புதைவதில்லை, பொய் விடை ஒன்று போகிறது, அவ்வளவே.

மூன்றாவது ஒரு செயல் விட்டுப்போயிற்று. சில கருவிகள், குறிப்பாகக் கூகுள் வழி வந்தவை, ரௌட்டர் சொல்லும் டிஎன்எஸ்ஸை மதிக்காமல் நேரே கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8ஐக் கேட்கும். அப்போது பெயர்மறிப்பு கண்ணுக்கே படாது. 53ஆம் துறைக்குப் போகும் கேள்வி எல்லாவற்றையும் வீட்டு டிஎன்எஸ் பக்கம் திருப்பும் விதி ஒன்று தேவை. இதற்கு "வினவல்திருப்பம்" என்று பெயர் வைக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் உள்ள ரௌட்டரில் இது முடியும். நிறுவன மோடெம்களில் இந்த வசதி அரிது. அங்கே சொந்த ரௌட்டர் ஒன்றை மோடெமுக்குப் பின்னால் வைத்து, டிவியை அதில் மட்டும் சேர்க்க வேண்டும். 853ஆம் துறையையும் வழிமறிக்க வேண்டும், குறியாக்கிய டிஎன்எஸ் அந்த வழியில் போகிறது. 443இல் ஒளிந்து போகும் டிஎன்எஸ்ஸைத் துறையை வைத்துப் பிரிக்க முடியாது. தெரிந்த டிஎன்எஸ் சேவையகங்களின் எண்களை வழிமறிப்பதுதான் வழி.

ஐபிவி4க்குப் பின் வந்த புதிய எண் முகவரி முறையான ஐபிவி6ஐ மறந்துவிடாதீர்கள். விதிகள் ஐபிவி4இல் மட்டும் இருந்தால் டிவி மற்ற வழியாகப் போய்விடும். இரண்டிலும் எழுத வேண்டும், அல்லது டிவி இருக்கும் பிரிவில் ஐபிவி6ஐ அணைக்க வேண்டும்.

123ஆம் துறையை மட்டும் தொடவே கூடாது. கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி அதில் வருகிறது. நேரம் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவைபோலத் தெரியும், செயலி ஒன்றும் திறக்காது. உடனே வீட்டார் மறிப்பையே குறை சொல்லி எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

போர்ட் லூயிஸிலிருந்து:

இலக்கணம் பற்றிச் சுருக்கமாக. பெயர்மறிப்பு, வழிமறிப்பு, இற்றைமறிப்பு மூன்றிலும் மகரம் வருவதால் ஒற்று மிகாது. பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்கள். மறிக்க வேண்டிய பெயர்களின் தொகுப்பை "மறிபட்டியல்" எனலாம். வினைத்தொகை என்பதால் இங்கும் "மறிப்பட்டியல்" என்று வராது. "பெயரை மறி", "மறித்த பெயர்", "மறிப்பை நீக்கு" என்று வினையாகவும் வழங்கலாம். "தடை"யில் இந்த வசதி குறைவு: "தடை செய்", "தடை செய்த" என்று ஒவ்வொரு முறையும் ஒரு துணைவினை வேண்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

"இற்றைத்தடை"யைக் கைவிடுகிறேன். வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன். இற்றைமறிப்பு: வீட்டு வலையமைப்பு வழியாக ஒரு கருவிக்கு வரும் இற்றையை, கருவிக்கு வெளியே, ரௌட்டரில் அல்லது வீட்டு டிஎன்எஸ்ஸில் மறித்தல். "வலையமைப்பு வழியாக" என்று சேர்த்தது வேண்டுமென்றேதான். ஒளிபரப்பு அலையோடு மென்பொருள் அனுப்பும் முறை டிவிபி எனும் எண்முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தரத்தில் உண்டு, அதை ரௌட்டர் பார்க்கவே பார்க்காது.

மறிபட்டியலைக் கண்ட இடத்திலிருந்து படியெடுக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். டிஎன்எஸ் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, டிவியில் "இற்றையைத் தேடு" என்பதை அழுத்தி, அந்த நொடியில் தோன்றும் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக மறித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிவியை மின்செருகியிலிருந்து கழற்றி மாட்டுவது நல்லது, பழைய விடையை அது நினைவில் வைத்திருக்கும். செயலிக் கடை திறக்காமல் போனால் கடைசியாகச் சேர்த்த பெயரை விடுவிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களும் இதோடு நின்றுபோகும் என்பதால், டிவியை விருந்தினர் வலையமைப்பில் தனியே வைக்கும்படி தடித்த எழுத்தில் ஒரு வரி போடுகிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. டிவியின் அமைப்புகளிலேயே தானியங்கி இற்றையை அணைப்பதும் இற்றைமறிப்புதானா?

கியூர்பிப்பிலிருந்து:

இல்லை, ஐயா. அங்கே கருவி தானே நிற்கிறது, நாம் மறிக்கவில்லை. அதை "இற்றை நிறுத்தம்" என்று பிரித்து, ரௌட்டரைத் தொடுவதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். தொழிற்சாலை நிலைக்கு மீட்டால் அந்தத் தெரிவு திரும்ப இயங்கத் தொடங்கிவிடக்கூடும். ரௌட்டரில் போட்ட மறிப்பு அப்போதும் அப்படியே இருக்கும்.