ஆன்டிவைரஸ் அப்டேட் ஆனதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, ஃபார்மேட் செய்தே ஆக வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறை, கணக்கு நான்தான் பார்க்கிறேன். நேற்று மாலை ஆன்டிவைரஸ் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். அப்போதிலிருந்து வட்டம் சுற்றுகிறது, நீலத் திரை வருகிறது, மறுபடி வட்டம். விண்டோஸ் 10. மூன்று வருட டேலி கணக்கு, அப்புறம் யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், எவ்வளவு கொலுசாகத் திரும்பி வந்தது என்ற எக்செல், எல்லாமே அதற்குள். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு, போட வேண்டும். பக்கத்துக் கடை அண்ணன் ஃபார்மேட் செய்துவிடு என்கிறார். பென்டிரைவில் இருக்கும் பேக்கப் மார்ச்சோடு நிற்கிறது. பயமாக இருக்கிறது.

ஐந்து ரோடு சர்வீஸ்:
தம்பி, ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள், டிஸ்கில் இருப்பது அழிந்துவிடும். அப்டேட்டுக்குப் பிறகுதான் இப்படி என்றால் பெரும்பாலும் கணக்கு அப்படியே இருக்கும், விண்டோஸ்தான் எழ முடியாமல் கிடக்கிறது. வட்டம் சுற்றும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. அதுதான் சேஃப் மோடு, அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும். உள்ளே போனதும் வேறு எதையும் தொடாமல் முதலில் டேலி ஃபோல்டரையும் எக்செல்லையும் பென்டிரைவில் ஏற்றுங்கள், ஆன்டிவைரஸை நீக்குவதெல்லாம் அதற்கப்புறம். சேஃப் மோடும் வரவில்லையென்றால் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிளில் வேறு கம்ப்யூட்டரோடு இணைத்து எடுத்துவிடலாம்.

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ்:
சர்வீஸ் அண்ணன் சொன்னபடியே செய்யுங்கள். இது புதிதும் இல்லை. 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபி ஆன்டிவைரஸ் கம்பெனி அனுப்பிய 5958 என்ற அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது, உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. எங்கள் ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர், ஒன்றில் அப்டேட் விட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் காப்பித் தோட்டக் கணக்கு இருக்கும் மற்றதில் விடுகிறோம்.

சூரமங்கலம் நெட்வொர்க்:
நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் விவகாரத்தில் பழைய வெர்ஷனிலேயே நிறுத்தி வைத்திருந்தவர்களும் மாட்டினார்கள், ஏனென்றால் வந்தது வெர்ஷன் இல்லை, சின்ன டேட்டா ஃபைல், அது எல்லோருக்கும் போனது. நம் நேரப்படி காலை 9.39-க்கு வந்ததை 10.57-க்குத் திரும்ப வாங்கிவிட்டார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன. அந்த சாஃப்ட்வேர் விண்டோஸின் அடிமட்டத்தில், கெர்னலில் ஓடுவது, அங்கே ஒரு தவறு நடந்தால் மொத்த சிஸ்டமும் சாய்கிறது. விழுந்ததில் பலவற்றை ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. தம்பி, டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், திறப்பதற்கு 48 இலக்க எண்ணைக் கேட்டால் பதற வேண்டாம், உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று போனில் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
நான்காவது தடவை அணைத்தபோது ரிப்பேர் திரை வந்தது, இப்போது சேஃப் மோடில் இருக்கிறேன். எண் எதுவும் கேட்கவில்லை. எக்செல் ஏறிவிட்டது, டேலி ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பா சாப்பிடக்கூடப் போகாமல் பக்கத்தில் நின்று ஃபைல் ஏறுவதைக் காட்டும் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ரொம்ப நன்றி அண்ணா. ஆன்டிவைரஸ் சேஃப் மோடில் நீங்க மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன செய்வது?

ஐந்து ரோடு சர்வீஸ்:
அந்த கம்பெனியின் தளத்திலேயே நீக்குவதற்கென்று தனியாக ஒரு டூல் இருக்கும், வேறு கம்ப்யூட்டரில் இறக்கிக் கொண்டுவாருங்கள். கோடு முழுதாக முடியட்டும், அதற்குப் பிறகு.