ஃபிளாட்டுக்குள்ளே பிளைவுட் அறுப்பு: தூளை எங்கே பிடிக்கணும்?

சைட் இன்ஜினியர்:
அடுக்குமாடியில் உள்வேலை. மூன்று ஆசாரிகள், ஒரே ஹாலில் அறுப்பு. எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஓட்டுகிற நாளில் எதிர்ச்சுவர் தெரியாது. மாஸ்க் வாங்கிக் கொடுத்தாயிற்று, கழுத்தில்தான் தொங்குகிறது. தூளைக் குறைக்க உருப்படியான வழி இருந்தால் சொல்லுங்கள்.

தச்சு மேஸ்திரி:
மாஸ்க்கை அப்புறம் பார்க்கலாம் சார், முதல்ல மெஷினைப் பாருங்க. பல சைட்ல பிளைவுட் அறுக்கிறது மார்பிள் கட்டர்லதான். நாலு இன்ச் பிளேடு, நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேல ஓடும். அது கல் அறுக்கிற மெஷின். பெரும்பாலும் தூள் குழாய் மாட்ட வாய் இருக்காது, தானா மூடிக்கிற கீழ்க் கவசமும் இருக்காது. தூள் மட்டுமில்ல, விரலும் போகும். ஏழு இன்ச் சர்க்குலர் சா வாங்குங்க, பின்னாடி தூள் வாய் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

அறுக்கும்போது ஷீட்டுக்கு அடியில ரெண்டு இன்ச் தெர்மோகோல் பலகையை முழுசா விரிச்சிடணும். பிளேடு பிளைவுட்டைத் தாண்டி 3 முதல் 5 மி.மீ. இறங்கினா போதும். ரெண்டு கட்டை வெச்சு அந்தரத்துல அறுத்தா, பாதித் தூள் அடிப்பக்கமா கொட்டி, குழாய்க்குச் சிக்காமப் போயிடும். தெர்மோகோல் அந்த வழியை அடைச்சிடும், தூள் மேல இருக்கிற கவசத்துக்குள்ளயே வரும். அடிப்பக்கம் மைக்கா பெயர்றதும் குறையும்.

இன்னொண்ணு. அளவுப் பட்டியல் போட்டுக் கொடுத்து, பேனல் சா (முழு ஷீட்டை நேரா அறுக்கிற பெரிய மெஷின்) இருக்கிற பட்டறையிலேயே வெட்டி வாங்குங்க. சைட்ல கோர்க்கிறதும் ஓரம் சீவுறதும் மட்டும் மிஞ்சும். "சுவர் தூக்குக்குண்டுக்கு நிக்கலையே, அங்கேயே வெட்டினா பொருந்தாதே"ன்னு கேப்பாங்க. அலமாரியைப் பக்கத்துக்கு 10 மி.மீ. குறைச்சு வெட்டிட்டு, சந்துக்கு ஒரு ஃபில்லர் பட்டையை மட்டும் சைட்ல சுவருக்கு ஏத்த மாதிரி சீவுங்க.

கருவி சர்வீஸ் மெக்கானிக்:
மேஸ்திரி சொன்ன தூள் வாயில் வீட்டு வேக்குவத்தை மாட்டிவிட்டு 'மெஷின் வேலைக்காகவில்லை' என்பவர்கள் அதிகம். அதன் ஃபில்டர் நைஸ் தூளைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பி ஊதும். கேட்டு வாங்க வேண்டியது எம் கிளாஸ் தூள் எடுப்பான். எல், எம் என்பது தூளை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கான தர வகுப்பு. எல் கிளாஸ் ஃபில்டர் 99 சதவீதம் பிடிக்கும், எம் கிளாஸ் 99.9. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் தப்பிப்பது நூறில் ஒன்றா, ஆயிரத்தில் ஒன்றா என்பதுதான் கணக்கு. உறிஞ்சும் வேகம் குறைந்தால் எம் கிளாஸ் சத்தம் போட்டுச் சொல்லவும் செய்யும்.

புகார் வருகிற இடங்கள்: மெஷின் வாய் ஒரு அளவு, ஹோஸ் ஒரு அளவு, நடுவில் டேப். இரண்டு நாளில் டேப் விட்டுவிடும். ரப்பர் அடாப்டர் போடுங்கள். ஹோஸைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள், இழுவை குறைந்துவிடும். மேஸ்திரிகள் அதே வேக்குவத்தில் சுவர் வெட்டிய சிமெண்ட் பொடியையும் இழுப்பார்கள். ஃபில்டர் அன்றே அடைத்துக்கொள்ளும். பேப்பர் பையைவிட ஃபிளீஸ் பை (நெய்யாத துணிப் பை) நைஸ் தூளுக்குத் தாங்கும்.

பாலிஷ் வேலை செய்பவர்:
சேண்டர்ல ஒரு சின்ன விஷயம். அஞ்சு இன்ச் பேட்ல எட்டு ஓட்டை இருக்கும். உப்புத்தாள் ஓட்டையும் அதோட நேரா உட்காரணும். அவசரத்துல கோணலா ஒட்டினா உறிஞ்ச வழியே இல்ல. துணிப்பை மூணுல ஒரு பங்கு நிரம்பினதுமே தட்டிடுங்க. அந்தப் பை கரட்டுத் தூளைத்தான் பிடிக்கும், மாவு மாதிரி இருக்கிறது நெசவு வழியா வெளியே வந்துடும்.

பாதுகாப்பு அலுவலர்:
இழைப்புளிச் சுருளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது காலடியில் விழுந்துவிடும். மாவுத் தூள்தான் மூக்குக்குள் தங்கும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. மூக்கிலும் அதைச் சுற்றிய காற்றறைகளிலும் வருவது. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி நாற்காலித் தச்சர்களிடம் 1960களில் இது கண்ணில் பட்டது. வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். பிரிட்டனில் கடின மரத்தூளுக்கு எட்டு மணி நேர சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 3 மில்லிகிராம், மென் மரத்துக்கு 5. எம்.டி.எஃப். தூளோடு பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடு வாயுவும் சேரும். அந்த நெடியைத் தூள் மாஸ்க் தடுக்காது. இருமலும் மூச்சிரைப்பும் வாரவிடுமுறையில் தணிந்து, வேலை நாளில் திரும்பினால் அது வெறும் சளி இல்லை. மருத்துவரிடம் தொழிலையும் சொல்லச் சொல்லுங்கள்.

காற்றில் என்ன மிதக்கிறது என்று பார்க்க டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, மெஷினுக்கு அந்தப் பக்கம் பலமான டார்ச்சை வையுங்கள். வெளிச்சம் நேராகக் கண்ணில் படாதபடி ஒரு அட்டையால் மறைத்து, விளக்கு இருக்கும் திசையிலேயே பாருங்கள். எந்தச் சந்திலிருந்து தூள் கிளம்புகிறது என்பது புகை போலத் தெரியும். இதைப் பார்த்த பிறகு ஆசாரிகள் தாமாகவே ஹோஸை மாட்டுகிறார்கள். பத்து பாதுகாப்பு வகுப்பு செய்யாததை இது செய்யும்.

மாஸ்க்: ஐ.எஸ். 9473 (இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 வகை, வால்வு வைத்தது, காதில் மாட்டுவது அல்ல, தலையைச் சுற்றி இரண்டு பட்டை வருவது. துண்டு கட்டுவது கணக்கில் வராது. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். இரு கையாலும் மூடி மூச்சை வேகமாக உள்ளிழுத்துப் பார்த்து, மூக்குப் பக்கம் காற்று கசிந்தால் கம்பியை அழுத்த வேண்டும். நம்மூர் வியர்வையில் மதியத்துக்குள் நனைந்துவிடும். ஒரு ஆளுக்கு நாளைக்கு இரண்டு என்று கணக்குப் போடுங்கள்.

தச்சு மேஸ்திரி:
சாயங்காலக் கூட்டலை விட்டுட்டீங்களே. பகல் முழுக்க அடங்கின தூளை விளக்குமாறு திரும்ப மூக்குக்கு ஏத்தும். ப்ளோயர் அதைவிட மோசம், அதை வெச்சு சட்டையை ஊதிக்கிறவங்க வேற. வேக்குவம் இல்லன்னா தரையில லேசாத் தண்ணி தெளிச்சு அள்ளுங்க, எம்.டி.எஃப். பக்கம் மட்டும் ஈரம் போகக் கூடாது, உப்பிடும். அறுக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்க. ஜன்னல்ல வெளியே தள்ளுற மாதிரி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், ஆள் முதுகுப்பக்கத்துலேர்ந்து காத்து வரணும்.

கருவி சர்வீஸ் மெக்கானிக்:
தீ பற்றியும் ஒன்று. கிரில்காரர் கிரைண்டிங் பொறியை, மரத்தூள் இருக்கும் அதே வேக்குவத்தில் இழுக்க விடாதீர்கள். பைக்குள் மணிக்கணக்கில் கனன்று, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். பிளக் இல்லாமல் வெறும் ஒயரைத் தீக்குச்சி சொருகி சாக்கெட்டில் நிறுத்துகிற பழக்கமும் அப்படித்தான், பொறி விழுகிற இடத்தில் தூள் குவிந்திருக்கும். சாயங்காலம் பையைக் கழற்றி வெளியே, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவிட்டுப் பூட்டுங்கள்.