புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நல்ல பன்னி சௌ எங்கே?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், ஊரிலிருந்து வரும் மாமாவை எந்தக் கடைக்குக் கூட்டிப் போகலாம் என்று. பன்னி சௌ என்ற பேரைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார். பன்றியும் இல்லை, முயலும் இல்லை, வெள்ளை ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது என்று விளக்கியபிறகுதான் வண்டியில் ஏறினார்.

நீங்கள் சொன்னபடி முதலில் அம்பிலோ பகுதியில் இருக்கும் கவுண்டன்ஸ் கடை. முழு ரொட்டியில் கால் பங்கு, உள்ளே மட்டன், எலும்போடு, உருளைக்கிழங்கு குழைந்து குழம்போடு ஒன்றாகி, அடி ரொட்டி ஊறியும் கிழியாமல் நின்றது, அதுதான் எனக்குக் கணக்கு. மாமா கரண்டி கேட்டார். கையால்தான் சாப்பிட வேண்டும் என்றேன். மேலே வைத்த ரொட்டித் துண்டை முக்கி முக்கியே பாதியை முடித்துவிட்டார்!

அப்புறம் பிரிட்டானியா ஹோட்டல், அதுவும் நன்று, காரம் கொஞ்சம் தூக்கல். சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கடை (பேர் வேண்டாம்) நேற்றைய ரொட்டியைக் கொடுத்தது, குழம்பு சட்டையில் வழிந்தது.

மட்டனுக்குப் பதில் பீன்ஸ் குழம்பு ஊற்றும் பன்னியை முன்பு கேலி செய்திருந்தேன், அதை வாபஸ் வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு வாங்கினேன், கேரட் சம்பலோடு (துருவிய கேரட் சாலட்). அடுத்த வெள்ளிக்கும் அதுதான்.