புதுப்பிப்பு: டிராகன் நாயகனுக்கு வழி பிறந்தது
நான் எழுதும் காதல் கதைக்காகப் போன மாதம் கேட்டிருந்தேன்: மனித உருவெடுக்கும் டிராகனை ஒரு போர்வீராங்கனை எப்படிக் காதலிப்பாள், கொல்லத்தானே போவாள்? பல்கேரிய நாட்டார் கதைகளில் விடை கிடைத்தது. அங்கே 'ஸ்மெய்' என்ற டிராகன் ஊர்க்காவலன். ஆலங்கட்டி மழை கொண்டுவரும் 'லாமியா' என்ற அரக்கியோடு மோதி வயலைக் காப்பான். காதலிக்கும் பெண்ணின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். அவளோ நாளுக்கு நாள் வெளிறி இளைப்பாள். அம்மாக்காரி சும்மா இருப்பாளா? அவனை விரட்டும் மூலிகை எதுவென்று, வேறு சாக்கு சொல்லி, மகளை விட்டு அவனிடமே கேட்க வைப்பாள். வெகுளி, சொல்லிவிடுவான்!

சரி, சண்டையை மாற்றிவிட்டேன். என் நாயகியும் அவனும் சேர்ந்தே லாமியாவை எதிர்க்கிறார்கள். மகளைக் குளிப்பாட்டி அவனை விரட்ட, அம்மா அண்டாவில் மூலிகை வெந்நீர் கொதிக்க வைக்கிறாள். இவள் கவசத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறாள். மூன்றாம் அத்தியாயம் இப்போதைக்கு அங்கேதான் நிற்கிறது.